பதினைந்தாம் தேதி

திருப்பூரில் கோடை விடுமுறை என்பது கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சம்பாதிக்கும் காலம். ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும் பையன்கள் பேக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் போவார்கள். பெண் பிள்ளைகள் பிசிறு வெட்டவும் பீஸ் அடுக்கவும் போவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்துவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட அந்தப் பணம்தான் கைகொடுக்கும். பி.காம் முதலாண்டு முடித்த கோடையில் நானும் அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன்.

இரண்டாம் ஆண்டு முடிந்த 2018 கோடையில், எங்கள் துறைப் பேராசிரியர் எங்களில் சிலரை ஆடிட்டர் அலுவலகங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். பயிற்சிக் காலத்தில் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் அளவுக்குத்தான் பணம் தருவார்கள். வீட்டில் அந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை போய், பிறகு கிடைத்த வேலைக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். செக்கிங்கில் இருந்த அம்மாவின் வாரச் சம்பளம்தான் குடும்பத்தைத் தாங்கியது. நான் தயங்கிக்கொண்டே சொன்னபோது அம்மா யோசிக்கவே இல்லை. "போயிட்டு வா கண்ணு. பிசிறு வெட்டறதுக்கு எப்ப வேணாலும் போய்க்கலாம்" என்றார்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்தால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஃபைல்கள். பீரோ மேல், ஜன்னல் திண்டில், மேஜைகளுக்கு அடியில், எங்கு பார்த்தாலும் நாடா கட்டிய கட்டுகள். ஆடிட்டர் சார் அறுபதை நெருங்கியவர், அதிர்ந்து பேசாதவர். கணக்குப் பார்க்கும் வேலையையெல்லாம் ஓட்டிச் செல்பவர் வயதான ஒரு மேனேஜர். எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். சி.ஏ. படித்துக்கொண்டே மூன்றாம் ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் இருந்த ஓர் அக்காவிடம் என்னை ஒப்படைத்தார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அந்தக் கோடை கணக்குத் தொழிலில் இருந்தவர்களுக்கு மறக்க முடியாத ஒன்று. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. அதன்பிறகு முடிந்த முதல் நிதியாண்டின் கணக்கு அப்போதுதான் மேஜைக்கு வந்திருந்தது. ஆண்டின் முதல் மூன்று மாதம் பழைய வாட், மீதி ஒன்பது மாதம் புதிய வரி. ஒரே வருஷக் கணக்குக்குள் இரண்டு சட்டங்கள். முப்பது வருஷம் கணக்கு எழுதிய கம்பெனிக் கணக்குப்பிள்ளைகள் கையில் ரசீதுக் கட்டோடு வந்து எங்கள் அலுவலகப் படிக்கட்டில் காத்திருப்பார்கள். கல்லூரியில் நாங்கள் படித்த வரிப் பாடப் புத்தகம் பழைய சட்டத்தைத்தான் பேசியது. ஆகையால் அந்த அலுவலகத்தில் நான் மட்டும் மாணவி இல்லை. ஆடிட்டர் சாரே தினமும் காலையில் புதிதாக வந்த அறிவிப்பாணைகளைப் படித்துக் கோடு போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவார். நாற்பது வருஷ அனுபவம் உள்ளவர் பள்ளிப் பிள்ளையைப் போலப் படிப்பதைப் பார்த்தபோது அந்தத் தொழில்மேல் எனக்கு மரியாதை வந்தது.

முதலில் எனக்குக் கொடுத்த வேலை வவுச்சிங். கம்பெனி செலவு செய்ததாக எழுதியிருக்கும் ஒவ்வொரு தொகைக்கும் உரிய ரசீதை எடுத்துப் பார்த்து, டேலி மென்பொருளில் இருக்கும் பதிவோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் பச்சை மையில் ஒரு டிக் போட வேண்டும். கல்லூரியில் இதை இரண்டு பக்கத்தில் படித்துப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருந்தேன். உண்மையான வவுச்சர் கட்டு ஒன்றை அவிழ்த்துப் பார்த்தால்தான் அது என்ன வேலை என்று புரியும். டீக்கடை ரசீது, லோடுமேன் கூலி, ஊசி வாங்கிய பில், ஜெனரேட்டருக்கு டீசல், ஆயுத பூஜைக்குப் பொரி கடலை, மழையில் நனைந்து எழுத்து கரைந்துபோன லாரி வாடகை என்று ஒரு கம்பெனியின் ஒரு வருஷ வாழ்க்கை முழுவதும் அந்தக் கட்டில் இருந்தது.

அக்கா எனக்கு மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். பணம் யாருக்குப் போனது? எதற்காகப் போனது? கொடுக்கச் சொன்னது யார்? "இந்த மூணுக்கும் பதில் பேப்பர்லயே இருக்கணும். கணக்குப்பிள்ளை வாயில இருந்தாப் பத்தாது" என்றார்.

ஒரு பிரிண்டிங் பட்டறைக்குக் கொடுத்த பணம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரே தேதியில் 9,500 ரூபாய்க்கு ஒரு வவுச்சர், 9,000 ரூபாய்க்கு இன்னொரு வவுச்சர். இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா மை. அக்காவிடம் காட்டினேன். வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவை எடுத்துப் படிக்கச் சொன்னார். ஒரு நாளில் ஒருவருக்கு ரொக்கமாக ஒரு வரம்புக்கு மேல் கொடுத்தால் அந்தச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. அந்த வரம்பு அதுவரை 20,000 ரூபாயாக இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த 2017-18 நிதியாண்டிலிருந்துதான் 10,000 ஆகக் குறைந்திருந்தது. வவுச்சரை இரண்டாகப் பிரித்தாலும் ஆளும் நாளும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கம்பெனிக்காரர் யாரையும் ஏமாற்ற நினைத்தாரா, அரைகுறையாகக் கேள்விப்பட்டு அப்படிச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது என் வேலையும் இல்லை. தாளில் இருப்பதைப் பட்டியலில் எழுதி மேலே கொடுத்தேன். வங்கி வழியாகக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று ஐயா அவர்களுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார்.

வவுச்சர் முடிந்ததும் ஜாப் ஒர்க் சலான்களுக்கு வந்தேன். திருப்பூரின் கணக்கு மற்ற ஊர்க் கணக்கிலிருந்து வேறுபடுவது இங்கேதான். ஒரு டீசர்ட் ஒரே கூரைக்கு அடியில் உருவாவது குறைவு. கம்பெனி நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்பும். துணி ரோலாக வரும். அது சாயப்பட்டறைக்குப் போகும், பிறகு காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங் அல்லது எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். பல கட்டங்கள் வேறு வேறு ஆட்களின் பட்டறையில் நடக்கும். சரக்கு ஒவ்வொரு முறை வாசல் தாண்டும்போதும் ஒரு டி.சி., அதாவது டெலிவரி சலான், எழுதப்படும். நூல் போனது எத்தனை கிலோ, துணியாக வந்தது எத்தனை கிலோ, சாயத்துக்குப் பிறகு எத்தனை கிலோ, அதில் எத்தனை பீஸ் வெட்டினார்கள், எத்தனை டாமேஜ் என்று இவை எல்லாவற்றையும் தொடர்ந்து பார்த்தால் ஓர் ஆர்டரை நூலிலிருந்து அட்டைப்பெட்டிவரை பின்தொடர்ந்து போகலாம்.

அந்த வேலைக்கும் புதுச் சட்டம் ஒரு கெடு வைத்திருந்தது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓர் ஆண்டுக்குள் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே அதை விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். 2017 ஜூலையில் வெளியே போன சரக்குக்கு 2018 ஜூலையில் அந்த ஓர் ஆண்டு முடியப்போகிறது. எனவே டி.சி. கட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, போனதற்கு வந்தது இணைகிறதா என்று பார்க்கும் வேலை அவசரமானது. சாயத்தில் எடை கொஞ்சம் குறையும், கட்டிங்கில் வேஸ்ட் போகும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அப்பாவும் அம்மாவும் வீட்டில் பேசிக்கொள்ளும் சங்கதி அது. ஒரு டி.சி.யில் சாயத்துக்குப் போன எடையும் திரும்பி வந்த எடையும் கிராம்கூட மாறாமல் ஒன்றாக இருந்ததைப் பார்த்ததும், இது எடை போட்டு எழுதியது இல்லை, பழைய சலானைப் பார்த்து அப்படியே எழுதியது என்று சொன்னேன். ஐயா என்னை நிமிர்ந்து பார்த்து, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார். "அப்பா சாயப்பட்டறைல இருந்தவருங்க ஐயா" என்றேன். "அப்ப நீதான் இதைய முழுசாப் பாக்கோணும்" என்று அந்தக் கம்பெனியின் சலான் கட்டு முழுவதையும் என் மேஜைக்கு மாற்றிவிட்டார். என் வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சுக்கு ஓர் அலுவலகத்தில் மதிப்பு உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதுவரை அப்பாவின் தொழிலைப் படிவத்தில் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

மே மாதக் கடைசியில் அலுவலகம் முழுவதும் ரீஃபண்ட் வேலையில் இறங்கியது. ஏற்றுமதிக்கு வரி கிடையாது. ஆனால் ஏற்றுமதியாளர் ஐ.ஜி.எஸ்.டி. என்ற வரியைக் கட்டிச் சரக்கை அனுப்பிவிட்டால் அரசு பிறகு அதைத் திருப்பித் தரும். தருவதற்கு முன் சுங்கத் துறையின் கணினி, கப்பல் ரசீதில் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணையும் ஜி.எஸ்.டி. கணக்கில் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் பணம் நின்றுவிடும். அப்படி நின்ற ஏற்றுமதிகளின்மேல் கணினி வைக்கும் குறி எஸ்பி005. திருப்பூரில் அந்த வருஷம் பனியன் கம்பெனி முதலாளிகள் தங்கள் போன் எண்ணைப் போல மனப்பாடமாகச் சொன்ன எண் அது.

எங்களிடம் இருந்த ஒரு கம்பெனியின் நிலைமை இதுதான். சுங்கத்துக்குக் கொடுத்த ஏற்றுமதி இன்வாய்ஸில் ஒரு வரிசை எண், ஜி.எஸ்.டி.க்காக எழுதிய பில்லில் இன்னொரு வரிசை எண். ஓர் இடத்தில் சாய்கோடு, இன்னோர் இடத்தில் சிறுகோடு. சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. மொத்தம் பதினாறு எழுத்துக்குள் இருந்தால் போதும். ஆனால் கணினிக்கு ஒன்றாக இருக்க வேண்டும். சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறிப் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் கடையில் விற்றும் முடிந்திருக்கும். இங்கே பல மாத வரிப் பணம் அந்தச் சாய்கோட்டில் மாட்டிக்கொண்டு நின்றது.

2018 பிப்ரவரியில் சுங்க வாரியம் இதற்கு ஒரு வழி விட்டிருந்தது. இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒரே சரக்குக்குத்தான் என்று ஓர் ஒப்புப் பட்டியல் கொடுத்தால் அதிகாரி கையால் சரிபார்த்து விடுவிக்கலாம். மே 31 முதல் ஜூன் நடுப்பகுதிவரை நாடு முழுவதும் ரீஃபண்டுக்கென்று சிறப்பு இருவாரம் அறிவித்திருந்தார்கள். அதற்குள் பட்டியல் தயாராக வேண்டும். நான் கப்பல் ரசீதைப் படிப்பேன். அக்கா பில்லை எடுப்பார். எண், தேதி, துறைமுகம், பீஸ், மதிப்பு, வரி. ஒவ்வொரு வரியையும் ஒருவர் சொல்லி ஒருவர் பார்த்து, பிறகு இடம் மாறி மறுபடியும் பார்ப்போம். மின்சாரம் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து தொடர்வோம். பெரிய அறிவு கேட்கும் வேலை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வரி பிசகினாலும் அந்த ஏற்றுமதிக்குரிய பணம் மறுபடியும் நின்றுவிடும். அந்தப் பணத்தை நம்பி ஒரு கம்பெனி காத்திருக்கிறது என்பது தெரிந்ததால் கண் அயரவில்லை.

ஜூன் மாதத்திலேயே முதல் தவணைப் பணம் வங்கியில் வந்து விழுந்தது. கம்பெனி முதலாளி ஒரு பெட்டி பால்கோவாவோடு நேரில் வந்தார். ஆடிட்டர் சார் என்னைக் கூப்பிட்டு, "பட்டியல் போட்டது இந்தப் பிள்ளைதானுங்க" என்று அறிமுகப்படுத்தினார். முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். அம்மா வயதுள்ள மனிதர் எனக்குக் கும்பிடு போட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கும்பிட்டேன்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்தினால் இனிப்பாகவே முடியும். ஆனால் அந்தக் கோடை எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதே கம்பெனியின் இன்னொரு ஃபைலில் இருந்தது.

ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வியாபாரம் நடக்கும் நிறுவனங்களுக்கு வருமான வரித் தணிக்கை உண்டு. அதன் முடிவில் ஆடிட்டர் கையெழுத்திடும் அறிக்கையோடு வரும் விவரப் பட்டியலுக்குப் படிவம் 3சிடி என்று பெயர். அதன் 20(பி) பத்தியில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து வருங்கால வைப்பு நிதிக்கும் (பி.எஃப்.) தொழிலாளர் காப்பீட்டுக்கும் (இ.எஸ்.ஐ.) பிடித்த தொகை எவ்வளவு, அதைக் கட்ட வேண்டிய கடைசி நாள் எது, உண்மையில் கட்டிய நாள் எது என்று மாதவாரியாக எழுத வேண்டும். சலான் கட்டை என்னிடம் கொடுத்து அந்த அட்டவணையை நிரப்பச் சொன்னார் ஐயா.

பி.எஃப். எனக்குப் புதிதில்லை. அம்மாவின் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தம் போகும். கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். அந்தப் பங்கில், சம்பளத்தின் 8.33 சதவீதம் அளவுக்கு ஓய்வூதியத்துக்குப் போய்விடும். அப்போது இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 1.75 சதவீதம். வீட்டில் இதையெல்லாம் "பிடிச்சது போக" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். "பிடிச்சது போக இவ்ளோதான் வந்துச்சு" என்று சனிக்கிழமை அம்மா பணத்தை எண்ணி அலமாரியில் வைப்பார். பிடித்த பணம் எங்கே போகிறது, எப்போது போய்ச் சேர்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும் என்பது விதி. நான் சலான்களை வரிசையாக வைத்து எழுதிக்கொண்டே வந்தேன். ஏப்ரல் சரி, மே சரி, ஜூன், ஜூலை சரி. ஆகஸ்ட் மாதப் பணம் அக்டோபரில் கட்டப்பட்டிருந்தது. செப்டம்பர் பணம் நவம்பரில். அக்டோபர் பணம் டிசம்பரில். நவம்பரிலிருந்து மறுபடியும் ஒழுங்கு. அந்த மூன்று மாதங்கள் எவை என்று எனக்கு உடனே விளங்கியது. ரீஃபண்ட் நின்றுபோய்க் கம்பெனி திணறிய காலம் அது. ஒரு ஃபைலில் சாய்கோடாக இருந்த சிக்கல் இன்னொரு ஃபைலில் தொழிலாளியின் சேமிப்புக் கணக்கில் வந்து நின்றிருந்தது.

அட்டவணையை ஆடிட்டர் சார் பார்த்ததும் கம்பெனி முதலாளியை வரச் சொன்னார். பால்கோவா கொண்டு வந்த அதே மனிதர். நான் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"சார், அந்த மூணு மாசம் நாங்க பட்ட பாடு உங்களுக்கே தெரியுமுங்க. கவர்மெண்டு எனக்குத் தர வேண்டியதைத் தந்திருந்தா நான் எதுக்குங்க இதைய லேட் பண்றேன்? அப்புறம் வட்டியோட கட்டியாச்சுங்க. அந்தத் தேதிய மட்டும் அறிக்கைல போடாம உட்டுறலாமுங்களா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு, அதற்கு மேல் அபராதமும் உண்டு. அந்தக் காலத்தில் சனிக்கிழமைச் சம்பளத்தை அவர் ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை என்று சம்பளப் பட்டியலைப் பார்த்த எனக்குத் தெரியும். நகையை அடகு வைத்துச் சம்பளம் போட்டார் என்பதும் அவர் கணக்கிலேயே இருந்தது.

ஆடிட்டர் சார் குரலை உயர்த்தவில்லை. "நீங்க கஷ்டப்பட்டது நெசமுங்க. அதுக்கு வரி கட்டணுமா வேண்டாமாங்கறதை நாம கோர்ட்டு வரைக்கும் போய் வாதாடலாம். நான் உங்க கூட இருப்பேன். ஆனா கட்டின தேதி என்னங்கறதை மாத்தறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லைங்க. உங்க கைலிருந்து நீங்க கட்டற பங்கு வேற. அவங்க சம்பளத்துல பிடிச்ச காசு உங்களுதே இல்லைங்க. அது அவங்களுது. நீங்க பதினஞ்சாம் தேதி வரைக்கும் வெச்சிருந்து கட்டறீங்க, அவ்வளவுதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரிங்க சார், இருக்கறத இருக்கற மாதிரியே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கோபித்துக்கொண்டு வேறு ஆடிட்டரிடம் போகவும் இல்லை. நான் எழுதிய தேதிகள் அப்படியே அறிக்கையில் ஏறின.

ஆடிட்டர் சார் வாதாடலாம் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. தொழிலாளி பங்கைத் தாமதமாகக் கட்டினாலும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன; வேறு சில மறுத்திருந்தன. 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்து வைத்தது. நிறுவனம் தன் பங்காகச் செலுத்துவது ஒன்று, தொழிலாளியிடம் பிடித்து வைத்திருப்பது இன்னொன்று. பின்னது அவர்களுக்காக நம்பிக்கையின் பேரில் கையில் வைத்திருக்கும் பணம், அதற்குரிய சட்டம் சொல்லும் தேதிக்குள் கட்டாவிட்டால் கழிவு கிடையாது என்றது நீதிமன்றம். தீர்ப்பைப் படித்தபோது திருப்பூரின் இரண்டாம் மாடியில் ஒருவர் மெல்லிய குரலில் சொன்னதையே நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமும் சொல்வதாக எனக்குப் பட்டது.

அட்டவணை எழுதிய அன்று இரவு, அம்மாவின் யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணை வாங்கி போனில் அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். அம்மா அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை. மாதம் மாதம் வரிசையாக ஏறியிருந்த தொகைகளைப் படித்துக் காட்டினேன். அவருடைய கம்பெனி ஒரு மாதமும் தவறவிடவில்லை. தன் பெயரில் அவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்று அவர் நம்பவில்லை. மொத்தத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். அதன்பிறகு, "இதைய எல்லாம் சரியாக் கட்டறாங்களான்னு யாரு பாப்பாங்க?" என்று கேட்டார். "ஆடிட்டருங்க பாப்பாங்கம்மா. இன்னைக்கு ஒரு கம்பெனிக்கு நான்தான் பார்த்தேன்" என்றேன். அடுத்த வாரமே அம்மா தன்னோடு செக்கிங்கில் இருந்த இன்னும் சில அக்காமாரின் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, அவர்களுடையதையும் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

கணக்குத் தணிக்கை என்றால் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். என் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அந்தக் கோடைக்குப் பிறகு எனக்கு அது வேறாகத் தெரிகிறது. ஒருவருக்குச் சேர வேண்டியது அவருக்குச் சேர்ந்ததா என்று, அவர் கேட்காமலேயே, அவருக்குத் தெரியாமலேயே ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது அது. ரீஃபண்ட் பட்டியல் போட்டபோது அரசிடமிருந்து முதலாளிக்குச் சேர வேண்டியதைப் பார்த்தோம். 20(பி) அட்டவணை எழுதியபோது முதலாளியிடமிருந்து தொழிலாளிக்குச் சேர வேண்டியதைப் பார்த்தோம். இரண்டையும் செய்தது ஒரே மேஜை, ஒரே பச்சைப் பேனா. இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் அந்தத் தொழிலின் நேர்மை.

சி.ஏ. படிக்கலாம் என்ற எண்ணத்தை எனக்குள் விதைத்தவர் அக்கா. அதற்கு முன் அது பெரிய வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு என்று நினைத்திருந்தேன். பட்டப்படிப்பில் உரிய மதிப்பெண் இருந்தால் நுழைவுத் தேர்வு இல்லாமலேயே இன்டர்மீடியட்டில் சேரலாம் என்று அவர்தான் சொன்னார். சென்னையைச் சேர்ந்த ஆர்.சிவபோகம் பற்றியும் அவர்தான் சொன்னார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், 1933-ல் தேர்ச்சி பெற்று இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளர் ஆனவர், பின்னாளில் தணிக்கையாளர் கழகத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்து அவங்க பாஸ் பண்ணியிருக்காங்க. செக்கிங்குக்குப் போற அம்மாவோட பிள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் படித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். இப்போது கோவையில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன்.

ஒவ்வொரு கோடையிலும் எங்களிடம் கல்லூரி மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். தறி ஓட்டுபவர், டெய்லர், மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். பயிற்சிக்கு வருபவர்களை ஜெராக்ஸ் எடுக்கவும் ஃபைல் அடுக்கவும் மட்டும் வைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் அலுவலகங்கள் இருக்கின்றன. அந்த அலுவலகங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்தப் பிள்ளைகளிடம் ஒரு வவுச்சர் கட்டைக் கொடுங்கள், ஒரு பி.எஃப். சலான் கட்டைக் கொடுங்கள். பட்டறையிலும் தறிக்கூடத்திலும் நடப்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நம் கண்ணுக்குத் தப்பும் எடையும் தேதியும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. என் மேஜைக்கு வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே 20(பி) அட்டவணையை நிரப்பக் கொடுக்கிறேன். முடித்த பிறகு, வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவின் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். பார்த்துவிட்டு வந்தவர்கள் அடுத்த நாள் சலானைப் பிடிக்கும் விதமே வேறாக இருக்கிறது.